விஞ்ஞான பீடத்துக்கு விண்ணப்பிக்கும் மலையகப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வெளியானால் என் தொலைபேசி ஓயாது. நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள். பேராதனை விஞ்ஞான பீடத்தில் படித்து, இப்போது உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் முகங்கள்தான் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறும். ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் ஆண்டுக்கு வெளியிடும் கைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். அந்தக் கைநூல் தமிழிலும் வருகிறது.

அக்கா, மூணு பாடமும் பாஸ். அப்ப கம்பஸ் நிச்சயம்தானே?

இல்லை. மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் சித்தியும் (தேர்ச்சியின் மிகக் கீழ்ப்படி), உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் எடுத்திருந்தால் விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிடுகிறது. தகுதி பெறுகிற எல்லோருக்கும் அரச பல்கலைக்கழகங்களில் இடம் இல்லை. எனவே தகுதி பெற்றவர்களை இசட் புள்ளிப்படி வரிசைப்படுத்தி, இடம் இருக்கும் வரை எடுக்கிறார்கள்.

பொதுச் சாதாரணப் பரீட்சையை விளையாட்டாக எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அதன் புள்ளி இசட் புள்ளியில் சேராது என்பது உண்மைதான். ஆனால் 30 வராவிட்டால், மூன்று ஏ எடுத்திருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது.

எனக்கு ரெண்டு பி, ஒரு சி. பக்கத்து லயத்துப் பொண்ணுக்கும் அதேதான். ஆனா அவளுக்கு இசட் ஸ்கோர் கூட. கணக்குல பிழையா?

பிழை இல்லை. பி என்பது ஒரு வீச்சு. அந்த வீச்சின் அடியில் நிற்பவருக்கும் உச்சியில் நிற்பவருக்கும் ஒரே எழுத்துத்தான் கிடைக்கும். இசட் புள்ளிக்கு எழுத்துத் தேவையில்லை, நீங்கள் எடுத்த புள்ளிதான் தேவை. அந்தப் பாடத்தில் நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரியை உங்கள் புள்ளியிலிருந்து கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால்) வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படி வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி. நான்கு தசம இடம் வரை கணக்கிடுகிறார்கள்.

2001 முதல் இந்த முறைதான். ஒரு ஆண்டு பௌதிகவியல் வினாத்தாள் கடினமாக வந்தால் எல்லோருக்கும் புள்ளி குறையும், சராசரியும் இறங்கும். அதனால் கடினமான பாடம் எடுத்தவர் பாதிக்கப்படுவது குறைகிறது. சராசரிக்குக் கீழே போனால் மறைப் பெறுமானமும் (கழித்தல் குறியோடு) வரும். அதைப் பார்த்துப் பயந்து போய் அழைத்தவர்களும் உண்டு.

நுவரெலியா மாவட்டத்துக்குக் குறைஞ்ச புள்ளி போதுமாமே? பதுளைக்கும் அப்படியா?

பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பதினாறில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. கலைப் பிரிவுக்கு வேறு ஏற்பாடு. நான் இங்கே பேசுவது விஞ்ஞானப் பாடநெறிகளைப் பற்றி.

இதனால் ஒரே பாடநெறிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைத்த கடைசி ஆளின் இசட் புள்ளி, மாறும். கினிகத்தேனையும் நாவலப்பிட்டியும் ஒரே பஸ் பாதையில்தான் இருக்கின்றன. ஆனால் முதலாவது நுவரெலியா மாவட்டம், இரண்டாவது கண்டி மாவட்டம். வெட்டுப்புள்ளிப் பட்டியலில் உங்கள் மாவட்ட நிரலைத்தான் பார்க்கவேண்டும். கொழும்பு நிரலைப் பார்த்துவிட்டு "எனக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

மாவட்டக் கோட்டாவுல போனா அங்க கீழ்த்தரமா பாப்பாங்களா?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். விரிவுரை மண்டபத்தில் யார் எந்த வழியாக வந்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை. முதலாம் அரையாண்டுப் பரீட்சை எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்.

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில், பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் இருந்துவிட்டு, சனி ஞாயிறு ஹற்றனுக்கு பஸ் ஏறி வகுப்புக்குப் போய் இசட் புள்ளி 1.2 எடுத்த பிள்ளையும், எல்லா வசதியும் உள்ள நகரப் பாடசாலையில் 1.2 எடுத்த பிள்ளையும் ஒரே அளவு பாடுபட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வேறுபாட்டுக்குச் சட்டம் கொடுக்கிற சிறு ஈடுதான் ஒதுக்கீடு. தலை குனிய அதில் எதுவும் இல்லை.

விண்ணப்பத்தைக் கொமியூனிகேஷன்ல போட்டுட்டேன். இனி என்ன செய்யணும்?

முதலில் திரும்பிப் போய், எந்த மின்னஞ்சல் முகவரியும் எந்தத் தொலைபேசி எண்ணும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்லைன் விண்ணப்பத்தைக் கொமியூனிகேஷன் கடையில் நிரப்பும்போது, பிள்ளைக்கு மின்னஞ்சல் இல்லை என்றால் கடைக்காரர் உதவி செய்கிற நல்ல எண்ணத்திலேயே தன்னுடையதைப் போட்டுவிடுவார். ஐந்தாறு மாதம் கழித்து ஆணைக்குழுவின் அறிவித்தல் அவருக்குப் போகும். அவருக்கு அதற்குள் நூறு பேரின் விண்ணப்பம் கைமாறியிருக்கும். உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் ஒரு கொப்பியில், விண்ணப்பம் முடியும் வரை மாற்றாத ஒரு தொலைபேசி எண். இந்த மூன்றும் வேண்டும்.

அப்புறம், தெரிவு வரிசையை உங்கள் கையால் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீட்டு எண் கைநூலில் இருக்கும். கடைக்காரர் தட்டச்சு செய்ததும் அந்த எண்களை ஒவ்வொன்றாகத் தாளோடு ஒப்பிட்டு, அச்சுப் பிரதி ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். "சேர் நல்லதாப் பாத்துப் போட்டுடுங்க" என்று விட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேரு, அடையாள அட்டையில ஒரு பேரு. பிரச்சினை வருமா?

வரும். அதனால் பெறுபேறு வருவதற்கு முன்பே சரி பாருங்கள். எங்கள் பகுதியில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற சிக்கல். பதிவாளர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியது ஒன்று, பாடசாலையில் சேர்க்கும்போது டீச்சர் தமிழில் எழுதியது ஒன்று, பரீட்சைக்கு ஆங்கிலத்தில் போனது இன்னொன்று. லட்சுமி என்ற ஒரே பெயர் லெட்சுமி, லெச்சுமி, லக்ஷ்மி என்று மூன்று தாளில் மூன்று விதமாக நிற்கும். சில வீடுகளில் அப்பாவின் பெயரே அப்பாவின் அடையாள அட்டையோடு பொருந்தாது.

எழுத்து வித்தியாசம் சிறிதென்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கிறது என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரே வேறு, பிறந்த திகதி வேறு என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். அதற்கு வாரக்கணக்கிலும் போகலாம், மாதக்கணக்கிலும் போகலாம். பல்கலைக்கழகப் பதிவுக்குக் கடிதம் வந்தபிறகு ஓடினால் நேரம் போதாது.

மொதல் தெரிவா மருத்துவம் போட்டு கிடைக்காட்டி மத்தத் தெரிவு எல்லாம் வீணாப் போயிடுமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். வீணாகாது. உங்கள் இசட் புள்ளியை முதல் தெரிவோடு பொருத்திப் பார்க்கிறார்கள். போதவில்லை என்றால் இரண்டாவது. அதுவும் இல்லை என்றால் மூன்றாவது. நீங்கள் ஏழாவதாகப் போட்ட பாடநெறியை இன்னொருவர் முதலாவதாகப் போட்டிருந்தாலும், உங்கள் புள்ளி அவரைவிடக் கூடியதென்றால் இடம் உங்களுக்குத்தான்.

இதன் மறுபக்கம்தான் பிள்ளைகளின் வாழ்க்கையைத் திருப்பிவிடுகிறது. பயத்தில், "கிடைக்கக்கூடியதை" மேலே போட்டால் அதுவே கிடைத்துவிடும். அதற்குக் கீழே போட்டதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதற்குப் போதிய புள்ளி இருந்தாலும்கூட. ஆகவே வரிசையை விருப்பப்படி எழுதுங்கள், ஊகத்தின்படி எழுதாதீர்கள். முடிவுத் திகதிக்குப் பிறகு வரிசையை மாற்ற விடமாட்டார்கள்.

இன்னொன்று. படிக்க மனமே இல்லாத பாடநெறியைச் சும்மா நிரப்புவதற்காகச் சேர்க்காதீர்கள். கிடைத்தால் போவேனா என்று ஒவ்வொரு எண்ணுக்கும் உங்களையே கேளுங்கள். யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, வவுனியா, சம்மாந்துறை, பெலிஹுல்ஓயா, பதுளையின் ஊவா வெல்லஸ்ஸ என்று விஞ்ஞானப் பாடநெறிகள் நாடு முழுவதும் பரவியிருக்கின்றன. தூரம், பயணச் செலவு, பாடக் கலவை மூன்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள்.

வெட்டுப்புள்ளிக்கு எனக்குக் கொஞ்சூண்டுதான் கம்மி. வெயிட்டிங் லிஸ்ட்டுல பேரு இருக்குமா?

வெளிநாட்டுக் கல்லூரிகளில் கொடுப்பதுபோல "நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்ற கடிதம் எங்கள் அரச பல்கலைக்கழக முறையில் வராது. இங்கே நடப்பது வெற்றிடம் நிரப்புதல். முதல் சுற்றில் இடம் கிடைத்தவர்கள் குறித்த திகதிக்குள் பதிவு செய்யவேண்டும். சிலர் செய்வதில்லை. வெளிநாடு போனவர், மீண்டும் பரீட்சை எழுதப் போகிறவர், தனியார் நிறுவனத்தில் சேர்ந்தவர் என்று காரணம் பலவாக இருக்கும். அப்படி விட்ட இடங்களுக்கு அடுத்த புள்ளிக்காரரை எடுக்கிறார்கள். இது ஒரு சுற்றோடு முடியவேண்டும் என்றும் இல்லை.

எவ்வளவு கம்மி என்பதுதான் முக்கியம். நான்காம் தசமத்தில் சில இலக்கம் வித்தியாசம் என்றால் நம்பிக்கை வைக்கலாம். 0.2, 0.3 என்றால் வேறு ஏற்பாட்டைத் தொடங்குங்கள். மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் விட்டுப்போகிறவர்கள் குறைவு. விஞ்ஞானப் பாடநெறிகளில், குறிப்பாகப் பலருக்குத் தூரமான பல்கலைக்கழகங்களில், வெற்றிடம் வருவது அதிகம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தை நீங்களே பாருங்கள். கடைசித் திகதி தவறினால் அந்த இடமும் அடுத்தவருக்குப் போய்விடும்.

கீழ்த் தெரிவு ஒண்ணு கிடைச்சிருக்கு. பதியாம இருந்தா வெற்றிடத்துல மேல உள்ளது கிடைக்குமா?

அப்படிச் செய்யாதீர்கள். பதியாவிட்டால் கையில் இருக்கிற இடம் போய்விடும். மேலே உள்ளது வரும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. பதிவு அறிவுறுத்தல்களில் வெற்றிடம் பற்றிய பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசித்து, அதன்படி பதியுங்கள்.

கிடைச்ச சயன்ஸுக்குப் போகவா, மருத்துவத்துக்குச் செகண்ட் ஷை எழுதவா?

உயர்தரம் மூன்று தடவை எழுதலாம், செகண்ட் ஷை என்பது அதில் இரண்டாவது. ஆனால் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவு செய்தபிறகு அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கிற வழி அடைபட்டுவிடும். அதனால் பதிவுக்கு முன்பே முடிவெடுக்கவேண்டிய விஷயம் இது.

நான் கேட்பது இரண்டுதான். முதல் தடவை ஏன் குறைந்தது என்று குறிப்பாகச் சொல்ல முடியுமா? "பௌதிகவியலில் மின்னியல் பகுதி முழுக்க விட்டேன், அந்த நேரம் ஆசிரியர் இல்லை, இப்போது ஒருவர் கிடைத்திருக்கிறார்" என்பது காரணம். "இந்த முறை நல்லாப் படிப்பேன்" என்பது ஆசை. அடுத்தது, வீடு இன்னொரு ஆண்டைத் தாங்குமா? கொழுந்துச் சம்பளத்தில் டியூஷன் காசும் பஸ் காசும் ஒதுக்குவது என்ன பாடு என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் எழுதுங்கள், நானும் உதவுகிறேன். இல்லையென்றால் கிடைத்த இடத்துக்குப் போங்கள்.

விஞ்ஞானப் பட்டம்னா டீச்சர் வேலைதானே, அக்கா? அதுக்கா இவ்வளவு?

ஆசிரியர் வேலையைச் சின்னதாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். மலையகத்தில் தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆளில்லாமல் எத்தனை பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே தொடங்க முடியாமல் கிடக்கிறது! ஒரு பட்டதாரி ஒரு பாடசாலைக்கு வந்தால் அங்கே பத்து வருடத்தின் போக்கு மாறும்.

சரி, வேறு வழிகளையும் சொல்கிறேன். 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. தேயிலையின் நோயையும் மண்ணையும் இரசாயனத்தையும் ஆராய்கிற இடம் அது. அந்தச் செடியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் அங்கே வெள்ளைக் கோட்டுடன் நிற்கவேண்டும் என்பது என் பெரிய ஆசை. ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. பேராதனையில் புவிச்சரிதவியலுக்கென்று ஒரு துறையே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் டிட்வா புயலில் மலைச்சரிவுகள் இறங்கியதையும் பார்த்த நமக்கு, மண்சரிவு படித்தவர்கள் நம்மிடையே இருப்பதன் அவசியத்தை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இவை தவிர மருந்து, உணவு, நீர்ப் பரிசோதனைக் கூடங்கள், புள்ளிவிபரவியல், கணினி, வெளிநாட்டு மேற்படிப்பு என்று போனவர்கள் என் பட்ச்சிலேயே இருக்கிறார்கள்.

தமிழ்லயே படிச்சோம். அங்க எல்லாம் இங்கிலீஷாமே, சமாளிக்க முடியுமா?

முடியும். முதல் சில மாதம் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்கமாட்டேன். விஞ்ஞான பீடங்களில் விரிவுரை, செய்முறை, பரீட்சை எல்லாம் ஆங்கிலத்தில்தான். இது சிங்கள மொழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கும் அதே அளவு கஷ்டம். முதல் வாரத்தில் மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் தலையாட்டிக்கொண்டு ஒன்றும் விளங்காமல்தான் இருப்பார்கள்.

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நீண்ட இடைவெளி இருக்கிறது. அதில் ஒரு வேலை செய்யுங்கள். உயர்தர வினாத்தாள் மூன்று மொழியிலும் வெளிவருகிறது. நீங்கள் எழுதிய அதே ஆண்டின் ஆங்கில வினாத்தாளைத் தேடி எடுத்து, தமிழ்த் தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வி என்பதால் அகராதி இல்லாமலேயே பாதி விளங்கும். நியமிப்பு, அளவி, குழாயி, திணிவு, ஆர்முடுகல் எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் அந்த வசனத்துக்குள்ளேயே கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். ஆங்கில வகுப்புக்குப் பெரிய காசு கொடுப்பதைவிட இது எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகப் பலித்திருக்கிறது.

அங்கே போனதும் குப்பிக்குப் போங்கள். பரீட்சைக்கு முன் சீனியர் ஒருவரோ பட்ச்சில் நன்றாக விளங்கிய ஒருவரோ மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற அந்த வழக்கம் பல பேரைக் கரையேற்றியிருக்கிறது. தமிழில் குப்பி நடந்தால் அதற்கும், சிங்களத்தில் நடந்தால் அதற்கும் போங்கள். வந்து இருந்தாலே சந்தோஷப்படுவார்கள்.

அங்க ஒரு நாள் எப்படிப் போகும்? பாடசாலை மாதிரியா?

காலையில் விரிவுரைகள், பிற்பகலில் செய்முறை. பெரும்பாலான பிற்பகல் ஆய்வுகூடத்தில்தான் போகும். பாடசாலையில் ஆசிரியர் மேசையில் இருந்த ஒரே அளவியைத் தூர நின்று பார்த்தவர்களுக்கு, இங்கே கையில் ஒன்று கிடைக்கும். முதல் நாள் துளித்துளியாக விடத் தெரியாமல் கரைசல் கடும் இளஞ்சிவப்பாகிவிடும். மூன்றாம் வாரம் கை பழகிவிடும், கவலை வேண்டாம். வரவு 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருப்பதே சிக்கலாகலாம்.

மூன்று ஆண்டில் 90 திறமைப் புள்ளிகளோடு (கிரெடிட்) பொதுப் பட்டம், நான்கு ஆண்டில் 120 உடன் சிறப்புப் பட்டம். சிறப்புப் பட்டத்துக்கு ஆரம்ப ஆண்டுகளின் பெறுபேற்றை வைத்து எடுப்பதால், "முதல் வருஷம் சும்மா சுத்தலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பேராதனைக்குப் போகிறவர்களுக்கு: மகாவலி வளாகத்தின் ஊடாகவே ஓடுகிறது, பின்னால் ஹந்தானை மலை. நுவரெலியாக் குளிரில் இருந்து வருபவர்களுக்கு இரவில் வியர்க்கும். வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக்குமரன் கோயிலில் எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஹற்றனில் இருந்து கண்டி பஸ் கம்பளை வழியாகப் பேராதனையைத் தாண்டித்தான் போகும் என்பதால் வீட்டுச் சோறு அடிக்கடி வரும்.

மகள் கம்பஸுக்குப் போனா மாசம் காசு அனுப்ப எங்களால முடியாதேம்மா.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவு சாப்பாடு, பயணம், அச்சுப் பிரதி, தங்குமிடம். மஹாபொல புலமைப்பரிசில் 1981 இல் இருந்து இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதன் மாதத் தொகை 5,000 ரூபாவில் இருந்து 7,500 ஆகவும், மாணவர் உதவித்தொகை 4,000 இல் இருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வருமானத்துக்கு இரண்டில் ஒன்று கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அம்மா அப்பா இருவரின் சம்பளத் துண்டுகளையும் இப்போதே சேர்த்து வையுங்கள். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். இங்கேயும் மேலே சொன்ன பெயர்ச் சிக்கல் தலைகாட்டும்.

முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். எனவே முதல் நான்கைந்து மாதச் செலவுக்கு மட்டும் எப்படியாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வட்டிக்கு வாங்கவேண்டாம். கோயில் கமிட்டி, பழைய மாணவர் சங்கம், ஊரில் ஏற்கெனவே படித்து வெளியேறியவர்கள் என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டு இடத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பொம்பளப் பிள்ளய அவ்வளவு தூரம் எப்படித் தனியா அனுப்புறது?

பெண்களுக்குத் தனி விடுதிகள் இருக்கின்றன, பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள், உள்ளே வரும் நேரம் இருக்கிறது. தூரத்தையும் வருமானத்தையும் பார்த்துத்தான் விடுதி கொடுக்கிறார்கள். முதலாம் ஆண்டுக்கு முன்னுரிமை உண்டு. பதிவு நாளில் நீங்களும் கூடப் போய் விடுதியைக் கண்ணால் பாருங்கள். உங்கள் மகளைப் போல இன்னும் பல தோட்டங்களில் இருந்து வந்த பிள்ளைகள் அங்கே இருப்பதைக் கண்டால் பாதிப் பயம் போய்விடும்.

பகிடிவதை இன்னும் இருக்கா?

இருக்கிறது, முன்பைவிடக் குறைவு. 1997 இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம்.

பெயர், ஊர் கேட்பது, பாட்டுப் பாடச் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். உடம்பில் கை வைப்பது, இரவில் அழைப்பது, ஆடை பற்றிய கட்டாயம், அறையில் பூட்டுவது, காசு கேட்பது எதையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. "சீனியர் உதவி கிடைக்காது" என்று பயமுறுத்துவார்கள். முறைப்பாடு செய்தவர்களும் பட்டம் முடித்து நல்ல வேலையில் இருக்கிறார்கள். மாணவ ஆலோசகராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளர், விடுதிப் பொறுப்பாளர், ஆணைக்குழுவின் முறைப்பாட்டுப் பிரிவு என்று போக இடங்கள் உண்டு. முதலில் வீட்டுக்குச் சொல்லுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை சொன்னால் "எல்லாருக்கும் நடக்கிறதுதானே" என்று வாயை அடைக்காதீர்கள்.

எந்தச் சுற்றிலும் கிடைக்கல. விஞ்ஞானத்த விட்டுடவா?

விடவேண்டாம். திறந்த பல்கலைக்கழகத்தின் இயற்கை விஞ்ஞானப் பட்டம் அரச பட்டம்தான். பொல்கொல்லையில் அதன் கண்டி நிலையம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம், கட்டணம் உண்டு. இரசாயனத்தில் ஆர்வம் என்றால் இராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகம் 1979 இல் இருந்து நடத்தும் பட்டத்துக்கு நிகரான பாடநெறி இருக்கிறது. ஆசிரியராக விரும்பினால் கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. கண்டியிலும் பதுளையிலும் உயர் தொழினுட்ப நிறுவனங்களில் உயர் தேசிய டிப்ளோமாக்கள். இவற்றின் விண்ணப்பத் திகதிகள் வெவ்வேறு நேரத்தில் வரும். வெற்றிடச் சுற்று முடியட்டும் என்று காத்திருக்காமல் சமாந்தரமாக விண்ணப்பியுங்கள்.

தங்கச்சி இப்பதான் சாதாரண தரம் முடிச்சா. எங்க பாடசாலையில சயன்ஸ் இல்ல. கண்டியில சேர்த்தா நல்லதா, கோட்டா போயிடுமா?

இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி. உயர்தரத்துக்கு முந்தைய மூன்று ஆண்டு எந்தெந்தப் பாடசாலையில் படித்தார், நிரந்தர வதிவிடம் எது என்பவற்றை வைத்து ஆணைக்குழுதான் ஒருவரின் மாவட்டத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டு முகவரியைக் காட்டி மட்டும் நுவரெலியா என்று கோரமுடியாமல் போகலாம். மேலே சொன்ன, கல்வி வசதி குறைந்த பதினாறு மாவட்டங்களில் கண்டி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெயருக்கு ஒரு பாடசாலையில் பதிந்துவிட்டு வேறு மாவட்டத்தில் போய் உட்காருகிற குறுக்குவழியைச் சிலர் சொல்லித் தருவார்கள். பிடிபட்டால் கிடைத்த அனுமதியே போய்விடும்.

முதலில் உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே தேடுங்கள். ஹற்றன், நுவரெலியா, தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. உறவுக்காரர் வீடோ விடுதியோ கிடைக்குமா என்று பாருங்கள். அந்தப் பாடசாலைக்கு நேரில் போய், மூன்று பாடத்துக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறாரா, கடந்த ஆண்டு எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆசிரியர் இருந்தால் அங்கேயே சேருங்கள். இரண்டுக்குத்தான் ஆசிரியர் இருக்கிறார், மூன்றாவதுக்கு வார இறுதி வகுப்புக்கும் வழியில்லை என்றால் கண்டியை யோசிக்கலாம். அந்த நிலையில் ஒதுக்கீட்டை விடக் கற்பிக்க ஆள் இருப்பதுதான் பெரிது. சேர்க்கும் முன் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியைத் தங்கச்சியையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத வரியை அடிக்கோடிட்டு எனக்கு அனுப்புங்கள்.